கிருபைராஜ் சாரின் நாடாப்புழு

"மொத்தம் ஏழு பேரு பாத்திருக்காங்க வே. அதுல அஞ்சு நீரு," என்றார் கல்லூரி முதல்வர் எபனேசர்.

"அஞ்சு இல்ல சார், நாலு. ஒண்ணு என் வீட்டுக்காரி மொபைல்."

"அதையும் நீருதான தொறந்தீரு?"

"ஆமா சார்," என்று ஒத்துக்கொண்டார் கிருபைராஜ்.

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் ஒட்டுண்ணியியல் நடத்துகிறவர் கிருபைராஜ். எந்த உயிரின் குடலில் எந்தப் புழு குடியிருக்கிறது, வாடகை தராமல் அங்கே உட்கார்ந்து என்னவெல்லாம் தின்கிறது என்பதைச் சலிக்காமல் சொல்வார். சுபாவத்தில் சாது. டவுன் பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளுக்காகத்தான் அவர் அடம்பிடித்திருந்தார். அது கேமரா பொருத்திய மைக்ராஸ்கோப்.

வருடக்கணக்காக எழுதிப் போட்டு, கடைசியில் ஒரு திட்டத்தின் கீழ் அது வந்து சேர்ந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அதில் எடுக்கிற படங்களை எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட வேண்டும். மாணவர்கள் அதை வைத்துப் படிக்க வேண்டும். கிருபைராஜ் மகிழ்ச்சியாகவே போட்டார். வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து துறை அலமாரியில் கிடந்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படமெடுத்தார். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக் குளத்தில் பிடித்த கெண்டை மீனின் செவுளைத் திறந்து, அதில் ஒட்டிக்கொண்டிருந்த பேனைப் படமெடுத்தார். 'ஒட்டுண்ணிப் படக்களஞ்சியம்' என்று பெயர் வைத்து, முகப்பில் நாடாப்புழுவின் தலையைப் போட்டு, கடைசியில் சந்தேகம் கேட்பவர்களுக்காகத் தன் கைபேசி எண்ணையும் போட்டார். சந்தேகம் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

"ஆய்வுக்குழு வரப்போவுது. இந்த லட்சணத்துல அவங்க வந்து பாத்தா, மைக்ராஸ்கோப்பத் தூக்கி வேற காலேஜுக்குக் குடுத்துருவாங்க," என்றார் முதல்வர்.

கிருபைராஜின் முகம் சுருங்கியது. வேறு கல்லூரியில் அதற்கு உறை போட்டு மூடுவார்களா, லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துவிடுவார்களா என்றெல்லாம் ஒரு நொடியில் யோசித்துவிட்டார்.

"நான் பாத்துக்கிடுதேன் சார்."

"நீரு பாத்தது போதும். மத்தவங்களப் பாக்க வையும்."

அன்று மத்தியானமே முதுகலை வகுப்பில் பேச்சை எடுத்தார். "நம்ம படக்களஞ்சியத்த ஏன் யாரும் பாக்க மாட்டேங்கீங்க?"

முன் பெஞ்சில் இருந்த அர்வா மட்டும் எழுந்தாள். மேலப்பாளையத்திலிருந்து வருகிற பெண். கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு.

"அந்தப் பேரத் தட்டி முடிக்கதுக்குள்ள சார்ஜ் எறங்கிருது சார். அப்புறம் மொபைல்ல தொறந்தா புழு பாதிதான் தெரியுது. மிச்சத்தப் பாக்கணும்னா மொபைல மட்டுமில்ல, நம்மளும் சரிஞ்சு படுக்க வேண்டியிருக்கு."

"அப்ப நீங்கள்லாம் எதப் பாத்துப் படிக்கீங்க?"

"வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துப் படம் நெறைய கெடைக்கு சார். எல்லாம் தெளிவா இருக்கு."

"தெளிவாத்தான் இருக்கும்," என்றார் கிருபைராஜ். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அழுத்தமான கருத்து உண்டு. "அந்தப் படத்துல புழு மணமேடைக்கு வந்த மாப்பிள மாதிரி நிக்கும். நம்ம மைக்ராஸ்கோப்புல தெரியது தூங்கி எந்திரிச்ச மாப்பிள. பரிச்சையில உங்க முன்னால வந்து நிக்கப்போறது யாரு? ரெண்டாவது ஆளுதான். அவன அடையாளம் தெரியணும்னா நம்ம படத்தப் பாக்கணும்."

வகுப்பு சிரித்தது. ஆனால் யாரும் கைபேசியை எடுக்கவில்லை. அர்வா மட்டும் இரக்கப்பட்டு, இரண்டே நாளில் தளத்தைக் கைபேசிக்குத் தோதாக மாற்றிக் கொடுத்தாள். இணைப்பைத் தொட்டதும் படம் திரையை முழுசாக அடைத்துக்கொண்டு எழும். முகவரியையும் சுருக்கி, வெறும் 'புழு' என்று முடிகிற மாதிரி வைத்தாள்.

புது வடிவத்தை வீட்டில் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார் கிருபைராஜ். டார்லின் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் காட்டுவதைக் கண்ணை முழுசாகத் திறக்காமலே பார்க்கப் பழகியிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப என்ன செய்யணும்?"

"பத்துப் பேரு பாத்தாப் போதும் டார்லின். மைக்ராஸ்கோப் பொழைச்சிரும்."

"அவ்வளவுதானா? குடுங்க இங்கன," என்று கைபேசியை வாங்கினாள். அவர் தடுப்பதற்குள், சபைப் பெண்கள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டு, 'என் வீட்டுக்காரர் செய்தது, எல்லாரும் அவசியம் பாருங்க, உங்க சொந்தக்காரங்களுக்கும் அனுப்புங்க' என்று எழுதிவிட்டாள்.

"அங்க ஏன் போட்ட? அது ஜெபக் குறிப்பு போடுத எடமில்லா?"

"நீங்களும் ஜெபம் பண்ண வேண்டிய நெலமையிலதான இருக்கீங்க," என்றாள் டார்லின்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எண்ணிக்கை மெல்ல ஏற ஆரம்பித்தது. முதலில் ஐம்பது, பிறகு நூறு. பாபநாசம் அணையில் மதகைத் திறந்த மாதிரி ஒரு நாள் அது ஆயிரத்தைத் தாண்டியது. கிருபைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். ஆயிரம்தான்.

முதல்வர் எபனேசர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, இந்தத் தடவை காப்பியும் வரவழைத்தார்.

"என்னவே செஞ்சீரு? ஒரே நாள்ல இத்தன பேரா? எல்லாம் நம்ம புள்ளைகதானா?"

"வேற யாரு சார் பாக்கப் போறா?" என்றார் கிருபைராஜ். அப்போது அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அர்வா ஒரு வரைபடம் போட்டுக் காட்டியிருந்தாள். காலையில் ஒரு மேடு, மத்தியானம் ஒரு மேடு, பொழுதடைந்ததும் ஒரு பெரிய மலை. வகுப்பு தொடங்குமுன், இடைவேளையில், வீட்டுக்குப் போனபின் என்று படிக்கிற பிள்ளைகளின் நேரத்துக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது.

முதல்வர் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்குழுவுக்குப் பெருமையாகத் தகவல் எழுதிவிட்டார். எங்கள் மாணவர்கள் ஒட்டுண்ணியியலை உயிர்மூச்சாகக் கொண்டு பயில்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. குழுத் தலைவி பேராசிரியர் சித்ரலேகா மதுரைக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். பதில் உடனே வந்தது: மிக்க மகிழ்ச்சி, மாணவர்களை நேரில் சந்தித்து அவர்கள் கற்றதைச் சோதிக்க விரும்புகிறோம்.

கிருபைராஜ் அதை இரண்டு தடவை வாசித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார். தளத்தின் முகப்பிலேயே இருக்கிற நாடாப்புழுவின் தலையைத் திரையில் போட்டு, இது என்ன என்று எழுதச் சொன்னார். தளத்தைத் திறந்த எவருக்கும் அது முதலில் கண்ணில் பட்டே தீரும்.

விடைகளை வாசித்தபோது அவர் நாற்காலியில் பைய சாய்ந்துகொண்டார். ஒருவன் சூரியகாந்திப் பூ என்று எழுதியிருந்தான். ஒருத்தி கொசுவின் கண் என்றாள். ஜெபஸ்டின் என்கிற பையன், 'தெரியவில்லை, ஆனால் பார்க்கவே பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தான். பரிதாபப்பட்டு அவனுக்கு அரை மதிப்பெண் போட்டார்.

"அர்வா, உண்மையச் சொல்லு. நம்ம வகுப்புல எத்தன பேரு பாக்காங்க?"

"நான் ஒருத்திதான் சார். அதுவும் நான் செஞ்சதுங்கதுனால."

"அப்ப இந்த ஆயிரம் பேரு யாரு?"

"அதத்தான் நானும் யோசிக்கேன். எல்லாம் இந்தப் பக்கத்து ஆளுகதான். டவுண்ல ரொம்பப் பேரு பாக்காங்க. பாளையங்கோட்டையில பாக்காங்க. பாபநாசத்துல கூட இருக்காங்க."

திருநெல்வேலி டவுணில் அல்வா வாங்குவார்கள், ஜவுளி எடுப்பார்கள். புழு பார்ப்பார்கள் என்று கிருபைராஜ் எங்கும் கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாள் யோசித்து, கடைசியில் ஒரு நல்ல முடிவுக்கு வந்தார். வந்தவர்கள் யாராக இருந்தால் என்ன, அறிவைத் தேடித்தானே வருகிறார்கள்? அவர்களை நன்றாக உபசரித்தால் இன்னும் வருவார்கள். நம் பிள்ளைகளும் வெட்கப்பட்டாவது பார்ப்பார்கள்.

உபசரிப்பு என்று முடிவானதும் அவர் படங்களை அழகுபடுத்தத் தொடங்கினார். அர்வா ஒரு செயலியைக் காட்டிக் கொடுத்தாள். பின்னணியில் இருந்த அழுக்கையெல்லாம் நீக்கி வெள்ளையாக்கினார். நாடாப்புழுவுக்கு ரோஜா நிறமும், உருளைப்புழுவுக்கு மாந்தளிர் நிறமும் கொடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எளிய தமிழில் பாடம் எழுதினார். மணமேடை மாப்பிள்ளை என்று தான் வகுப்பில் கேலி செய்ததை அவர் மறந்தே போனார். எல்லாம் முடிந்ததும் டார்லினே முழுக் கண்ணால் பார்த்து, "பரவாயில்லையே, காலண்டருக்குப் போடலாம் போலிருக்கு," என்றாள்.

மறுநாள் எண்ணிக்கை பாதியானது. அதற்கு மறுநாள் அதிலும் பாதி. வாரக் கடைசியில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அதே சமயம், இதுவரை அடிக்காத கைபேசி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது.

'ஐயா, புதுப் படம் ரொம்ப அழகா இருக்கு. பிரயோசனமில்ல. பழசைப் போடுங்க' என்று ஒரு செய்தி வந்தது. 'படத்துக்குக் கீழ எழுதியிருக்கறது எதுக்கு? படம் மட்டும் போதும்' என்று இன்னொன்று வந்தது. டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வைத்தியலிங்கம் என்பவர் நேராகக் கூப்பிட்டே பேசிவிட்டார்.

"சார், அதுல ரோஸ் கலரு அடிச்சது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கதுதான் சார் கொற. என் வீட்டுக்காரி அதப் பாத்துட்டு, இந்த டிசைன்ல சேல வந்திருக்கான்னு கேக்கா. முன்ன எப்பிடி இருந்துச்சு? ஒரு மாதிரி பழுப்பா, வழுவழுன்னு, உசுரோட எந்திரிச்சு வாற மாதிரி. அதப் பாத்தாத்தான் சார் எங்களுக்கு ஒரு இது."

கிருபைராஜ் நெகிழ்ந்துபோனார். சாப்பாட்டு மேசையில் டார்லினிடம் சொன்னார்.

"ஒரு ஜவுளிக்கடைக்காரரு. விலங்கியல் படிச்சவரில்ல. ஆனா இயற்கையா இருக்க படந்தான் வேணும்னு கேக்காரு. என் மாணவனுக்குப் புரியாத விஷயம் அவருக்குப் புரிஞ்சிருக்கு பாத்தியா."

"பழசையே போட்டுக் குடுத்துருங்க. பாவம்," என்றாள் டார்லின்.

பழசைப் போட்டார். எழுதிய பாடங்களையும் மனசில்லாமல் எடுத்தார். எண்ணிக்கை நிமிர்ந்தது. ஆனால் முன்னைப் போல ஆயிரத்தைத் தொடவில்லை. வைத்தியலிங்கம் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார்.

"பாத்த படத்தையே பாத்துப் பாத்துப் பழகிட்டு சார். இப்பம்லாம் ஒண்ணுமே தோண மாட்டேங்கு. புதுசா ஏதாவது போடுங்க. அசையுத மாதிரி இருந்தா ரொம்ப உபகாரம்."

அசைகிற மாதிரி வேண்டுமென்றால் உயிருள்ள புழு வேண்டும். கிருபைராஜ் சனிக்கிழமை காலையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் நாசர் பாயின் ஆட்டுக்கறிக் கடைக்குப் போனார். கடையில் நல்ல கூட்டம். தன் முறைக்காகப் பொறுமையாக நின்றார்.

"சாருக்கு என்ன வேணும்?" என்றார் நாசர்.

"ஆட்டுக் குடல் வேணும் பாய். கழுவ வேண்டாம்."

"கழுவாமயா? வீட்ல கழுவிக்கிடுவாங்களோ?"

"இல்ல, கழுவுனா புழு போயிரும். புழு இருக்க கொடலாப் பாத்துக் குடுங்க," என்று வகுப்பில் பேசுகிற தெளிவான குரலில் சொன்னார் கிருபைராஜ்.

ஈரல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

நாசர் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். "சார், பைய பேசுங்க. நம்ம கடை ஆட்டுல அதெல்லாம் கெடையாது."

"அப்பிடிச் சொல்லிர முடியாது பாய். மேயிற ஆடுன்னா இருக்கத்தான் செய்யும். நாடாப்புழு சிறுகொடல்ல நீளமா, ரிப்பன் மாதிரி..." என்று கிருபைராஜ் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. பயப்படவே வேண்டாம்."

கடைசி வாக்கியம் அவர் கூட்டத்துக்கு ஆறுதலாகச் சொன்னது. கூட்டம் அதற்குப் பிறகுதான் கலைந்தது. நாசர் உள்ளே போய், இருந்த குடல் அத்தனையையும் தூக்குவாளியில் திணித்து, மூடியையும் தானே அழுத்தி மூடினார்.

"பைசா வேண்டாம் சார். பின்பக்கமாப் போயிருங்க. திரும்ப வேணும்னா ஒரு போன் அடிங்க, நானே கொண்டாந்து தாரேன்."

"ரொம்ப நன்றி பாய். நல்ல மனசு உங்களுக்கு," என்றார் கிருபைராஜ். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் நாசருக்குத் தாங்க முடியவில்லை.

மூன்றாவது குடலில் அது இருந்தது. வெள்ளை வெளேரென்று, கை நீளத்துக்கும் மேலே. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விட்டதும் சோம்பல் முறித்தது. கிருபைராஜ் தன் மைக்ராஸ்கோப்பில் அதன் தலையை நெருங்கிப் பிடித்தார். உறிஞ்சிகள் நான்கும் மூடித் திறந்தன. உடம்பு அலை அலையாக நெளிந்தது. அவர் இத்தனை வருடத்தில் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அன்று மாலையே தளத்தில் ஏற்றினார்.

அதன் பிறகு நடந்ததை வெள்ளம் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தொட்டது. 'கோடி நன்றி' என்று செய்திகள் வந்தன. பெயர் தெரியாத ஒரு பெண், 'உங்களால் நான் புது மனுஷி ஆனேன்' என்று எழுதியிருந்தாள். கிருபைராஜ் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் ஆய்வுக்குழு வருகிற நாள் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் குறைந்தது. பத்தாயிரம் பேரில் அர்வாவைத் தவிரத் தன் மாணவன் ஒருவன்கூடக் கிடையாது. குழுத் தலைவி சூரியகாந்திப் பூக்காரனை எழுப்பிக் கேள்வி கேட்டால் எல்லாம் முடிந்தது. மனசாட்சி உறுத்த, நேரே முதல்வரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

எபனேசர் எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்தார். "நீரு இத முந்தியே சொல்லியிருக்கலாம். இல்லன்னா சொல்லாமலே இருந்திருக்கலாம். ரெண்டுங்கெட்டான் நேரத்துல வந்து சொல்லுதீரே வே."

"மன்னிச்சிருங்க சார்."

"சரி, பாக்கவங்கள்ல ஒரு ஆளையாவது கூட்டிட்டு வாரும். பொதுமக்களுக்கும் பயன்படுதுன்னு சொல்லுவோம். நல்லாப் பேசக்கூடிய ஆளா இருக்கட்டும்."

நன்றாகப் பேசக்கூடியவர் என்றதும் கிருபைராஜுக்கு ஒரு முகம் தெரியாத குரல்தான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டார். வைத்தியலிங்கம் அண்ணாச்சி மறுபேச்சுப் பேசவில்லை.

"உங்களுக்காக இது கூடச் செய்யலேன்னா எப்பிடி சார்? கடையப் பையன்கிட்ட விட்டுட்டு வாரேன்."

ஆய்வுக்குழு வந்த அன்று அண்ணாச்சியும் நேரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சட்டை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போலத் தொளதொளவென்று தோளிலிருந்து தொங்கியது. உட்காருகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பேராசிரியர் சித்ரலேகா முதலில் மாணவர்களிடம் பேசினார். ஜெபஸ்டின் நாடாப்புழுவின் தலையைப் பார்த்து இந்தத் தடவையும் பயமாக இருக்கிறது என்றான். அர்வா ஒருத்தி மட்டும் சரியாகச் சொன்னாள். தலைவியின் முகம் இறுகியது. "மாணவர்கள் பயன்படுத்தின மாதிரி தெரியலையே, டாக்டர் கிருபைராஜ்."

"ஆமாம்மா. அவங்க பயன்படுத்தல," என்றார் கிருபைராஜ். மைக்ராஸ்கோப் உறை போடாமல் மேசையில் நின்றது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

முதல்வர் அவசரமாக அண்ணாச்சியை முன்னால் நிறுத்தினார். "இவர் ஜவுளி வியாபாரி. ஒரு பொதுஜனம். இவர் சொல்றதையும் கேளுங்க."

சித்ரலேகா நம்பாமல் பார்த்தார். "நீங்க இந்தப் படங்களைப் பார்க்கிறீங்களா?"

"ஒரு நாள் தவறுனதில்லம்மா."

"வீட்ல நீங்க மட்டுமா?"

"எல்லாரும்தான். எனக்கு அந்த நாடாப்புழு. என் வீட்டுக்காரி கோமுவுக்கு உருளைப்புழு. மருமகளுக்கு மீனு செவுள்ல ஒரு பேன் இருக்கு பாருங்க, அது. ஆளுக்கு ஒண்ணுதான் கேக்கும். மகன் குமரவேலுக்கு மட்டும் எதப் பாத்தாலும் ஒண்ணும் ஏற மாட்டேங்கு. அவன் ஒடம்பு அப்பிடி."

"படங்கள் மனசுல நிக்குதா?"

"நல்லாக் கேட்டீங்க. கண்ண மூடுனாலும் நிக்குதும்மா."

"இதனால உங்க வாழ்க்கைமுறையில ஏதாவது மாற்றம்?"

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். அது குழுவுக்கா கிருபைராஜுக்கா என்று தெரியவில்லை. "மாத்தமா? மறுபொறப்புன்னே சொல்லுவேன். டாக்டரு ரத்தத்தச் சோதிச்சுப் பாத்துட்டு, என்ன வே செஞ்சீருன்னு கேக்காரு. கிருபைராஜ் சாரு பேரத்தான் சொன்னேன். இவரு நல்லா இருக்கணும். இந்தப் பொட்டியையும் இவருகிட்டயே விட்டு வைக்கணும்."

குழுவில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்ரலேகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குடும்பத்தோடு உட்கார்ந்து ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேசுகிறார்கள், உடல்நலமும் தேறியிருக்கிறது. இத்தனை வருட ஆய்வில் இப்படி ஒரு சுகாதார விழிப்புணர்வைத் தான் கண்டதில்லை என்றார். மைக்ராஸ்கோப் இங்கேயே இருக்கும், மாணவர்களைப் பார்க்க வைக்கிற பொறுப்பு மட்டும் கல்லூரியுடையது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கிருபைராஜ் போய் மைக்ராஸ்கோப்புக்கு உறையை மாட்டிவிட்டு வந்தார்.

மத்தியானம் கல்லூரிக் கூடத்தில் எல்லோருக்கும் இலை போட்டிருந்தார்கள். சொதிக் குழம்பு, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், இலை நுனியில் அல்வா. இந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் திருநெல்வேலிக்காரன் யாரும் வேறு நினைப்பு வைத்துக்கொள்ள மாட்டான். குழுத் தலைவியே இரண்டாவது முறை சொதி கேட்டு வாங்கினார். கிருபைராஜ் பல நாளைக்குப் பிறகு பசியோடு உட்கார்ந்து, பக்கத்து இலையில் அண்ணாச்சியை உட்கார வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி சோற்றில் கை வைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். தண்ணீர் டம்ளரில் அதைச் சாய்த்து, இலைக்கு நேர் எதிரே நிற்க வைத்து, நாடாப்புழுவைத் திறந்தார். அது அலை அலையாக நெளிய ஆரம்பித்தது. அவர் அதையே உற்றுப் பார்த்தபடி சோற்றை ஒரு ஓரமாகப் பிசைந்தார்.

கிருபைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தோளைத் தொட்டு, பைய சொன்னார். "சாப்பிடும்போதாவது படிப்ப ஒதுக்கி வைங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரே ஒரு கவளத்தைச் சிரமப்பட்டு விழுங்கினார். பரிமாற வந்தவரைப் பார்த்து வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, இலையை மூடியபடி சொன்னார்:

"படிப்பா? நீங்க வேற சார். டாக்டரு சோத்தக் கொறைக்கச் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாரு, வாயி கேக்கல. இந்தப் புழுவ எல முன்னால நெளிய விட்ட பெறவுதான் ரெண்டாங்கவளம் எறங்க மாட்டேங்கு. டவுண்ல பாதிப் பேரு இப்பம் இத வச்சித்தான எளைச்சுக்கிட்டு வாரோம்."